'அட்மிட் ஆயிருக்காரு': ஒரு நர்ஸின் கடிதமும் ஆங்கிலக் காலங்களும்

நான் நடத்தும் மாலை ஏழு மணி ஆங்கில வகுப்புக்கு அவர் பத்து நிமிடம் தாமதமாகத்தான் வருவார். "ஹேண்ட் ஓவர் இழுத்துடுச்சு சார்" என்று சொல்லிக்கொண்டே கேமராவைப் போடுவார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். பி.எஸ்சி. நர்சிங், ஆறு வருட வார்டு அனுபவம். பிரிட்டனுக்கு வேலைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரி வழக்கப்படி நான் அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவர் எழுதவிருந்தது ஓஇடி தேர்வு, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய என்எம்சி (அந்நாட்டின் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பு) கேட்பது படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 350, எழுதுதலில் 300. எழுதும் பகுதிக்கு 45 நிமிடம். அதில் முதல் 5 நிமிடம் நோயாளியின் குறிப்பைப் படிக்க மட்டும்தான், பேனாவைத் தொடக்கூடாது. மீதி 40 நிமிடத்தில் அந்தக் குறிப்பை வைத்து 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். டிஸ்சார்ஜ் கடிதமாக இருக்கலாம், வேறொருவரிடம் நோயாளியை அனுப்பும் பரிந்துரைக் கடிதமாகவும் இருக்கலாம்.

மற்ற மூன்றும் சிஸ்டருக்குப் பிரச்சினை இல்லை. கடிதம்தான் காலை வாரியது. அதற்கு முன் அவர் படித்த இடத்திலிருந்து திருத்தி வந்த தாள்களை எனக்கு அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரே குறிப்பு: 'டென்ஸ் மிஸ்டேக்'. எது தவறு, ஏன் தவறு என்று எங்கும் இல்லை. அவரும் சும்மா இருக்கவில்லை. மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை, மொத்தம் 12 கட்டம் என்று ஒரு அட்டவணையைச் சார்ட்டில் எழுதி ஹாஸ்டல் அறைச் சுவரில் ஒட்டியிருந்தார். முதல் நாளே அந்தப் பன்னிரண்டையும் எனக்கு ஒப்பித்தார். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. ஆக, விதி தெரியாதவர் இல்லை. விதி தெரிந்தும் தவறாக எழுதுகிறவர். இப்படிப்பட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

குறிப்பும் கடிதமும்

நானே தயாரித்த ஒரு மாதிரிக் குறிப்பைக் கொடுத்தேன். இப்படி இருந்தது:

"62 வயது, ஆண். டைப் 2 டயாபடீஸ் – 2009. மெட்ஃபார்மின், தினம் இரு வேளை. பெனிசிலின் அலர்ஜி. ஸ்மோக்கிங் – ஸ்டாப்ட் 2015. அட்மிஷன் மார்ச் 3, வலது பாதத்தில் புண், மூன்று வாரம். டெப்ரைட்மெண்ட் மார்ச் 4. இன்சுலின் தொடக்கம் மார்ச் 6, மனைவிக்கு ஊசி போடப் பயிற்சி. டெய்லி டிரஸ்ஸிங். டிஸ்சார்ஜ் மார்ச் 10."

மெட்ஃபார்மின் சர்க்கரைக்கான மாத்திரை, டெப்ரைட்மெண்ட் என்றால் புண்ணில் அழுகிய சதையை அகற்றுவது. கவனித்தால் ஒன்று தெரியும். அந்த 'ஸ்டாப்ட்' தவிர இதில் வினைச்சொல் என்று ஒன்றுமே கிடையாது. கேஸ் ஷீட் எழுதும் எவரும் இப்படித்தான் எழுதுவார்கள். பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். 'ஹேட்', 'ஹேஸ்', 'வாஸ்' எல்லாம் கடிதம் எழுதுகிறவர் தன் கையிலிருந்து போட வேண்டியவை. சர்க்கரை 2009இல் வந்து போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்று குறிப்பு சொல்லாது, வினைதான் சொல்ல வேண்டும். இந்தத் தேர்வில் காலம் இவ்வளவு படுத்துவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

சிஸ்டர் எழுதிய கடிதத்திலிருந்து ஆறு வாக்கியங்கள்:

"ஹி இஸ் ஹேவிங் டயாபடீஸ் சின்ஸ் 2009."
"ஹி வாஸ் அலர்ஜிக் டு பெனிசிலின்."
"ஹி ஹேஸ் ஸ்டாப்ட் ஸ்மோக்கிங் இன் 2015."
"ஹி ஹேஸ் பீன் அட்மிட்டெட் ஆன் 3 மார்ச் வித் எ வூண்ட் விச் இஸ் தேர் ஃபார் த்ரீ வீக்ஸ்."
"டெப்ரைட்மெண்ட் ஹேஸ் பீன் டன் ஆன் 4 மார்ச்."
"வென் ஹி வில் கம் டு யு, ப்ளீஸ் செக் த வூண்ட்."

ஆறும் தவறு. ஆனால் ஆறும் ஒரே வகைத் தவறு இல்லை. 'டென்ஸ் மிஸ்டேக்' என்று ஒரே முத்திரை குத்தியவர் இதைத்தான் பார்க்கவில்லை.

பெனிசிலின் வாக்கியம்

இலக்கணமாகப் பார்த்தால் இரண்டாவது வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. எழுவாய், வினை எல்லாம் பொருந்துகிறது. ஆனால் ஆறில் ஆபத்தானது இதுதான். 'வாஸ் அலர்ஜிக்' என்று படிக்கும் நர்ஸ் என்ன நினைப்பார்? முன்பு ஒவ்வாமை இருந்தது, இப்போது இல்லை போல என்று நினைக்க இடம் இருக்கிறது. 'இஸ்' போட வேண்டிய இடத்தில் 'வாஸ்'.

ஏன் 'வாஸ்' போட்டீர்கள் என்று கேட்டேன். இந்த வேலையில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், பதிலும் பெரும்பாலும் எதிர்பாராததாக இருக்கும். "அட்மிஷன் அன்னைக்கு ஹிஸ்டரி எடுக்கும்போது சொன்னதுதானே சார். அது முடிஞ்சு போச்சுல்ல."

முடிந்து போனது ஹிஸ்டரி எடுத்தது. ஒவ்வாமை முடியவில்லை. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தோண்டியபோது பள்ளிக்கூடம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. 'டைரக்ட் – இன்டைரக்ட் ஸ்பீச்' பயிற்சி நமக்கெல்லாம் நினைவிருக்கும். அவன் சொன்னான் என்று வந்துவிட்டால் 'இஸ்' எல்லாம் 'வாஸ்' ஆக வேண்டும், இல்லையென்றால் மார்க் போய்விடும். நூறு முறை எழுதிப் பழகிய அந்தக் கை, நோயாளி 'சொன்ன' எதையும் இறந்த காலத்துக்குத் தள்ளுகிறது. சொன்னது இன்றும் உண்மையாக இருந்தால் நிகழ்காலத்திலேயே விடலாம் என்ற பகுதியை வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

முதல் வாக்கியத்தில் பாதித் தவறுக்கும் தாய்மொழியைக் குற்றம் சொல்ல முடியாது. 'இஸ் ஹேவிங்' தமிழிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 'எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருந்துக்கிட்டு இருக்காங்க' என்று எந்தத் தமிழராவது சொல்வாரா? 'இருக்காங்க', அவ்வளவுதான். நிலையைக் குறிக்கும் வினையோடு தொடர்வினை ஒட்டாது என்பது இரண்டு மொழிக்கும் பொது. 'இப்போது' என்றாலே 'இங்' போடு என்று கற்றுக்கொடுத்ததன் பலன்தான் 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்'. மீதிப் பாதிக்கு வேண்டுமானால் தமிழைச் சொல்லலாம். '2009லிருந்து சுகர் இருக்கு' என்று நாம் நிகழ்காலத்தில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு அது போதாது, 'ஹேஸ் ஹேட்' வேண்டும்.

தமிழில் சொல்லச் சொன்னேன்

மூன்றாவதும் நான்காவதும் ஐந்தாவதும்தான் என்னை உட்கார வைத்தன. மூன்றிலும் தேதி இருக்கிறது, மூன்றிலும் 'ஹேஸ்' இருக்கிறது. தேதி சொல்லிவிட்டால் பிரசண்ட் பெர்ஃபெக்ட், அதாவது 'ஹேஸ்', 'ஹேவ்' போட்ட வடிவம், கூடாது என்ற விதி சிஸ்டருக்குத் தெரியும். சுவரிலேயே சிவப்பு மையில் இருந்தது. ஆனால் இதே கடிதத்தில், நான் மேலே தராத இரண்டு வாக்கியங்களில், 'வி சேஞ்ச்ட் த டிரஸ்ஸிங்', 'வி டாட் ஹிஸ் வைஃப்' என்று அழகாக சிம்பிள் பாஸ்ட், அதாவது சாதாரண இறந்த காலம், எழுதியிருந்தார். ஒரே கை, ஒரே அரை மணி நேரம். ஒரு இடத்தில் சரி, இன்னொரு இடத்தில் தவறு. இது கவனக்குறைவு மாதிரித் தெரியவில்லை.

சரி, ஆங்கிலத்தை விடுங்கள், இந்த கேஸை அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் ஒப்படைப்பது போலத் தமிழில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள் என்றேன். அன்று இரவு வந்தது. அப்படியே தருகிறேன்:

"அறுவத்திரெண்டு வயசு பேஷண்ட். ரெண்டாயிரத்து ஒம்பதுலேர்ந்து சுகர் இருக்கு. ரெண்டாயிரத்து பதினஞ்சுலயே சிகரெட்ட விட்ருக்காரு. மூணாந்தேதி அட்மிட் ஆயிருக்காரு. நாலாந்தேதி டெப்ரைட் பண்ணிருக்காங்க. நாங்க டெய்லி டிரஸ்ஸிங் மாத்துனோம். அவங்க வைஃபுக்கு இன்சுலின் போடச் சொல்லிக் குடுத்தோம்."

இரண்டு முறை கேட்டேன். 'விட்ருக்காரு', 'ஆயிருக்காரு', 'பண்ணிருக்காங்க' என்று வந்த மூன்றும் கடிதத்தில் 'ஹேஸ்' ஆகியிருந்தன. 'மாத்துனோம்', 'குடுத்தோம்' இரண்டும் சிம்பிள் பாஸ்ட் ஆகியிருந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை.

தமிழில் இந்த 'இருக்கிறார்' இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஆங்கில 'ஹேவ்' போல, நடந்ததன் விளைவு இன்னும் இருக்கிறது என்று சொல்வது. இன்னொன்று, நான் நேரில் பார்க்கவில்லை, தடயத்தை வைத்தோ யாரோ சொன்னதை வைத்தோ சொல்கிறேன் என்று காட்டுவது. காலையில் கதவைத் திறந்து ஈரமான வாசலைப் பார்த்து 'ராத்திரி மழை பேஞ்சிருக்கு' என்கிறோம். ராத்திரி முழுக்க விழித்திருந்து மழையைப் பார்த்தவர் 'ராத்திரி மழை பேஞ்சுது' என்பார். இரண்டிலும் 'ராத்திரி' என்ற நேரம் இருக்கிறது, தமிழுக்கு அது உறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் 'இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' உறுத்தும். பார்த்தேனா, ஃபைலில் படித்தேனா என்பதைக் காட்டுவது அந்த மொழியில் 'ஹேஸ்' செய்கிற வேலை இல்லை.

சிஸ்டர் டெப்ரைட்மெண்ட் நடந்தபோது ஆபரேஷன் தியேட்டரில் இல்லை, ஃபைலில் படித்தார். படித்ததைப் படித்ததாகச் சொல்வது நர்ஸின் நேர்மை. கையெழுத்துப் போடும் முன் தான் பார்த்தது எது, கேட்டது எது என்று பிரித்துப் பழகியவர். அந்த நல்ல பழக்கம்தான் ஆங்கிலத்தில் 'ஹேஸ்' ஆக வந்து மார்க்கைத் தின்றது. இதைச் சொன்னதும் திரையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்ப நான் ஆறு வருஷமா ஃபைல் எழுதறது மாதிரியே கடிதமும் எழுதிட்டு இருந்தேனா சார்?" என்றார்.

கிட்டத்தட்ட அதேதான்.

செய்தது

சார்ட்டைக் கழற்றச் சொன்னேன். மனசில்லாமல்தான் கழற்றினார். அதற்குப் பதில் ஒரு வேலை: கடிதம் எழுதுமுன் குறிப்பைத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொல்ல வேண்டும். 'ஆயிருக்காரு' கூடாது, 'ஆனாரு'. 'பண்ணிருக்காங்க' கூடாது, 'பண்ணாங்க'. ஆங்கிலத்தைத் திருத்துமுன் தமிழைத் திருத்தினோம். நான்கைந்து நாளில் 'வாஸ் அட்மிட்டெட் ஆன் 3 மார்ச்' தானாக வரத் தொடங்கியது.

அதோடு கேள்வி ஒன்று. கடிதத்தின் தேதி மார்ச் 10. அன்று இது இன்னும் உண்மையா? பெனிசிலின் ஒவ்வாமை? ஆமாம், எனவே 'இஸ்'. மெட்ஃபார்மின்? இன்னும் சாப்பிடுகிறார், எனவே 'டேக்ஸ்'. 'டுக்' என்று எழுதினால் மாத்திரையை நிறுத்தியாயிற்று என்று ஆகிவிடும். புகைப்பழக்கம்? இல்லை, எனவே 'ஸ்டாப்ட் இன் 2015'.

நான் சறுக்கிய இடம்

இரண்டாவது வாரம் வந்த கடிதத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். "ஹி ஹேட் டயாபடீஸ் சின்ஸ் 2009." 'ஹேஸ்' மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. கேட்டால், "நீங்கதானே சார் தேதி வந்தா பாஸ்ட்னு சொன்னீங்க" என்றார். சொன்னேன்தான். வாட்ஸ்அப்பில் அவசரத்தில் அப்படி ஒரு வரி போட்டிருந்தேன். 2009உம் தேதிதானே. அந்தக் குளறுபடிக்கு முழுப் பொறுப்பு நான்.

சரி செய்ய மறுபடியும் தமிழுக்கே போனோம். '2015இல் நிறுத்தினார்.' '2009இலிருந்து இருக்கிறது.' 'மூன்று வாரமாக இருக்கிறது.' வேறுபாட்டைத் தமிழ் வினையில் மட்டும் காட்டுவதில்லை, பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற உருபிலும் காட்டுகிறது. 'இல்' என்றால் தேதி ஒரு புள்ளி. 'இலிருந்து', 'ஆக' என்றால் அது கயிற்றின் ஒரு முனை, மறுமுனை இப்போது நம் கையில். கயிறு என்றால் 'ஹேஸ்' அல்லது 'ஹேவ்'. புள்ளி என்றால் சிம்பிள் பாஸ்ட். வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போதே 'லேர்ந்து' காதில் விழும். விழுந்தால் 'ஹேஸ்'. இது சிஸ்டருக்கு உடனே பிடித்தது, ஏனென்றால் இதற்கு அட்டவணை தேவையில்லை.

ஆனால் புண் பற்றிய வாக்கியத்தில் இந்த உத்தியும் தனியாக நிற்காது. 'வலது பாதத்தில் புண், மூன்று வாரம்' என்பது மார்ச் 3ஐ வைத்துச் சொன்னது. கடிதம் எழுதும் மார்ச் 10இல் அது நான்கு வாரமாகிவிட்டது. 'வாஸ் அட்மிட்டெட் வித் எ வூண்ட் விச் ஹேட் பீன் தேர் ஃபார் த்ரீ வீக்ஸ்' என்பதுதான் சரி. கயிற்றின் மறுமுனை கடிதம் எழுதுகிறவர் கையில் இல்லை, மார்ச் 3இல் கட்டியிருக்கிறது.

இதை விளக்க எனக்குக் கைகொடுத்தது ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் 1947இல் வெளியிட்ட ஒரு எளிய யோசனை. காலத்தைக் கணிக்க இரண்டு புள்ளி போதாது, மூன்று வேண்டும் என்றார் அவர். பேசுகிற நேரம், நிகழ்வு நடந்த நேரம், அந்த நிகழ்வை எங்கே நின்று பார்க்கிறோம் என்கிற நேரம். சிம்பிள் பாஸ்டில் நடந்த இடத்திலேயே நின்று பார்க்கிறோம். பிரசண்ட் பெர்ஃபெக்டில் இன்றைக்கு நின்று திரும்பிப் பார்க்கிறோம். 'ஹேட் பீன்' போன்ற பாஸ்ட் பெர்ஃபெக்டில் பழைய ஒரு நாளில் போய் நின்றுகொண்டு அதற்கும் பின்னால் பார்க்கிறோம். பேப்பரில் ஒரு கோடு, மூன்று புள்ளி. சிஸ்டர் அதை வார்டில் மாத்திரைக் கவரின் பின்பக்கம்கூடப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

பாஸ்ட் பெர்ஃபெக்டைப் பற்றி இன்னொன்று. 'போன வாரம் மாமா வந்திருந்தார்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். வந்தார், இருந்தார், போய்விட்டார் என்று பொருள். அதையே 'மை அங்கிள் ஹேட் கம் லாஸ்ட் வீக்' என்று ஆக்கினால் கேட்கிற ஆங்கிலேயர், 'சரி, எதற்கு முன்னால்?' என்று காத்துக்கொண்டிருப்பார். அடுத்த வாக்கியம் வராது. அவருக்கு 'கேம்' போதும். சிஸ்டருக்கு இந்தக் கோளாறு அவ்வளவாக இல்லை. அலுவலகக் கடிதம் எழுதிப் பழகியவர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தமிழில் காலம் சொன்னபடி நடக்காது என்பது நம் இலக்கணக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். 'இதோ வந்துட்டேன்' என்று கத்திவிட்டுக் குளியலறையிலேயே நிற்பவனுக்கு நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது, காலவழுவமைதி என்று. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நான்கு காரணம். பத்தாம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்துவிட்டு ஆங்கில வகுப்பில் மட்டும் காலமும் நேரமும் ஒன்றுதான் என்று நாம் நம்புவது ஏனோ. 'த ட்ரெயின் லீவ்ஸ் டுமாரோ' என்று அவர்களும் நாளைக்கு நடப்பதை நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள்.

தீராதது

ஆறாவது வாக்கியம் மட்டும் கடைசிவரை தொல்லை கொடுத்தது. 'வென் ஹி வில் கம் டு யு'. 'வென்', 'இஃப்', 'அன்டில்' இவற்றுக்குப் பின்னால், வரப்போவதைச் சொன்னாலும் 'வில்' வராது, 'கம்ஸ்' போதும். சிஸ்டருக்கு விதி தெரியும். ஆனால் 'அவர் வரும்போது' என்பதில் உள்ள 'வரும்' எதிர்கால வடிவம். காது அதைக் கேட்டதும் கை 'வில்' போடுகிறது. இங்கே தமிழில் சொல்லிப் பார்க்கும் உத்தி உதவவில்லை, உபத்திரவம்தான் செய்தது. 'வந்தால்' என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். அப்போது 'இஃப் ஹி கேம்' வந்தது. விட்டுவிட்டோம்.

எட்டு வாரம் ஓடியது. கடைசி மூன்று கடிதங்களில் 'ஹேஸ்' தவறு ஒன்றுகூட இல்லை. 'வாஸ் அலர்ஜிக்' திரும்ப வரவே இல்லை. அதற்குக் காரணம் இலக்கணம் என்று நான் நினைக்கவில்லை. அந்த வாக்கியத்தைப் படிக்கும் நர்ஸாகத் தன்னையே வைத்துப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். தேர்வில் எழுதுதலில் 330 வந்தது. காலம் மட்டும்தான் அந்த மதிப்பெண்ணைத் தூக்கியது என்று சொல்ல மாட்டேன். நோக்கம், உள்ளடக்கம், சுருக்கம், நடை, அமைப்பு, மொழி என்று ஆறு அளவுகோலில் திருத்துகிறார்கள். மொழி அதில் ஒன்று. இடையில் அவர் கடிதத்தின் முதல் பத்தியையும் நிறையச் சீர்ப்படுத்தியிருந்தார்.

தேர்வுக்கு முந்தைய வாரம் அனுப்பிய கடிதத்தில் 'வென் ஹி வில்' எங்கே என்று தேடினேன். இல்லை. 'வென் ஹி கம்ஸ்' என்றும் இல்லை. அந்த இடத்தில், "அட் ஹிஸ் ஃபர்ஸ்ட் விசிட், ப்ளீஸ் செக் த வூண்ட்" என்று இருந்தது. வரும்போது என்ற பேச்சையே எடுத்துவிட்டு 'முதல் வருகையில்' என்று பெயர்ச்சொல்லாக்கியிருந்தார். அங்கே வினை இல்லை, அதனால் காலமும் இல்லை. டிக் போட்டு அனுப்பினேன்.